வஞ்சினமும் வாக்குறுதியும்

நாடாள்வோர் மேடையில் உரைப்பதற்கும் பின்னர் அவர்தம் செயலில் காண்பதற்கும் இடையே உள்ள தொலைவு குறித்துக் குறைகூறாதார் இன்று அரியர். தேநீர்க் கடையிலும் பேருந்திலும் திருமணப் பந்தலிலும் நால்வர் கூடினால் பேச்சு இறுதியில் இவ்விடத்திற்கே வந்து சேர்கின்றது. 'எல்லாரும் ஒன்றுதான்' என்ற ஒரு தொடரோடு அப்பேச்சு முடிந்தும் விடுகின்றது. சலித்துக்கொள்வதற்குச் சான்று எதுவும் வேண்டுவதில்லை, ஆராய்வதற்கு வேண்டும். ஒரு சொல் எப்பொழுது வாக்குறுதி ஆகின்றது? அதனைக் கணக்கில் வைப்போர் யாவர்? அது பொய்த்தால் விளைவது யாது? தமிழ் பயில்வோர் என்ற முறையில் நாம் அறிந்த சிலவற்றையும், குடிமக்கள் என்ற முறையில் தெரிந்துகொண்ட சிலவற்றையும் இவ்வினாக்களை ஒட்டி ஈண்டுத் தொகுத்துரைக்க விழைகின்றோம். எக்கட்சியையும் தாக்குவதோ தாங்குவதோ நம் நோக்கமன்று. நம் துறையைச் சார்ந்த பிழை ஒன்றும் இக்கட்டுரையில் இடம்பெறும் என்பதை முன்கூட்டியே சொல்லி விடுகின்றோம்.

திருக்குறள் பொருட்பாலில் 64 முதல் 73 வரையுள்ள பத்து அதிகாரங்கள் அமைச்சரைப் பற்றியன. அவற்றுள் சொல்வன்மை 65-ஆம் அதிகாரம். அதனை அடுத்து வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என மூன்று அதிகாரங்கள் செயலைப் பற்றியே தொடர்ந்து வருகின்றன. அவையில் அஞ்சாது பேசும் ஆற்றலைக் கூறும் அவையஞ்சாமை பத்தினுள் இறுதியாக நிற்கின்றது. இவ்வைப்பு முறை கொண்டு வள்ளுவரின் உள்ளக்கிடக்கை இன்னதென அறுதியிடுதல் பொருந்தாது. அதிகார வைப்பு உரையாசிரியரிடையே சிற்சில இடங்களில் வேறுபடுதலும் உண்டு. ஆயினும் பேசத் தெரிந்த அமைச்சனுக்கு உடனடியாக மூன்று அதிகாரம் வேலை காத்திருக்கின்றது என்று வகுப்பில் சுட்டும்போதெல்லாம் மாணவர் முறுவலிக்கக் காண்கின்றோம்.

அரசர் உரைத்த சொல்

புறநானூற்றில் 71, 72, 73 ஆகிய மூன்று பாடல்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மூன்றும் காஞ்சித் திணை. மூன்றும் வஞ்சினக் காஞ்சி என்னும் துறை. இவற்றைப் பாடியோர் அரசர்களே. முதலாவது ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் பாடியது. இரண்டாவது தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் பாடியது. மூன்றாவது சோழன் நலங்கிள்ளி பாடியது. போருக்கு எழும் வேந்தன், இன்னதைச் செய்து முடிப்பேன், முடியேனாயின் இன்ன கேடு என்னைச் சேர்க என்று பிறர் அறிய உரைப்பதே வஞ்சினம் எனப்படும்.

நெடுஞ்செழியன் வயதில் இளையவன். இவன் சிறுவன், நம்மிடமோ பெரும்படை உள்ளது என்று பகைவர் நகையாடியது அவன் செவிக்கு எட்டுகின்றது. சேரனும் சோழனும் வேளிர் ஐவரும் ஆக எழுவர் எதிர்நின்ற போர் அது. அவன் உரைக்கும் வஞ்சினத்தின் சாரம் வருமாறு: அவர்களை வென்று அவர்தம் முரசத்தைக் கைக்கொள்ளேனாயின், என் குடைநிழலில் வாழும் மக்கள் புகலிடம் காணாது, எம் வேந்தன் கொடியவன் என்று கண்ணீர் விட்டுப் பழி தூற்றட்டும், மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர் என் நாட்டைப் பாடாது கைவிடட்டும், இரந்து வருவோர்க்கு ஈய முடியாத வறுமை என்னை வந்து பற்றட்டும். தன் உயிர் போகட்டும் என்று அவன் கூறவில்லை. குடிகளின் நன்மதிப்பையும் புலவர் பாட்டையும் ஈகையையுமே அவன் பணயமாக வைக்கின்றான். ஓர் ஆட்சியாளன் இழக்க அஞ்ச வேண்டியவை எவை என்பதற்கு இதனினும் தெளிவான பட்டியலை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

பூதப்பாண்டியன் பாடல் இன்னும் நுட்பமுடையது. பகைவரைப் புறங்காணேனாயின் என் துணைவியைப் பிரிவேனாக என்று தொடங்கும் அவன், அடுத்துக் கூறுவது வியப்பூட்டுகின்றது. அறம் திறம்பாத அவையத்தில் தகுதியற்ற ஒருவனை அமர்த்தி, முறை பிறழ்ந்து ஆண்டவன் ஆவேனாக என்கின்றான். உயிரனைய நண்பரோடு கூடி மகிழும் இன்பத்தை இழத்தலும், பாண்டியர் குடியில் அன்றி வேற்றுப் புலத்தில் பிறத்தலும் அதன்பின் வருகின்றன. தகாதவனை நீதி அவையில் இருத்துவது, அன்பு மனைவியைப் பிரிவதோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க பெருங்கேடு என்று கருதிய ஓர் அரசன் இருந்தான். இவ்விடத்தை நினைவில் இருத்துமாறு வாசகரை வேண்டுகின்றோம்; பின்னர் இதனிடம் திரும்ப வேண்டியிருக்கும். நலங்கிள்ளியின் பாடல், பணிந்து கேட்டால் அரசையும் தருவேன், இகழ்ந்தால் விடேன் என்னும் செருக்கில் எழுந்தது; நம் பொருளுக்கு அத்துணை நெருக்கமானதன்று.

இம்மூன்று பாடல்களின் இலக்கணத்தை மட்டும் தனியே நோக்குவோம். வினைமுதல் தன்மை ஒருமை. 'நான்' என்பது எங்கும் மறைவதில்லை. 'செய்யேனாயின்' என்ற கட்டுப்பாடு வெளிப்பட நிற்கின்றது. கேட்டினை வேண்டும் வினை வியங்கோளாக அமைகின்றது. யார் செய்வது, எதனைச் செய்வது, செய்யாவிடின் என்ன ஆவது என்ற மூன்றும் ஒரே தொடருக்குள் அடங்கி விடுகின்றன.

இனி, இக்காலத்து அரசு விடைகளின் இலக்கணத்தைக் காண்போம். 'ஆவன செய்யப்படும்.' 'கருத்துரு பரிசீலனையில் உள்ளது.' 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகின்றது.' 'நிதிநிலைக்கு ஏற்பப் படிப்படியாக நிறைவேற்றப்படும்.' நான்கிலும் செய்வோன் இல்லை. செயப்பாட்டு வினை அவனை உள்ளே விழுங்கி விட்டது. 'வருகின்றது' என்பது முடிவே இல்லாத நிகழ்காலம். பத்தாண்டு கழித்துப் படித்தாலும் அது பொய்யாகாது. 'படிப்படியாக' என்பதற்கு எத்தனை படி என்று கேட்பார் இல்லை. அலுவலகத் தமிழை வளர்த்தோர் இதனை வஞ்சகமாகச் செய்தனர் என்பது நம் கருத்தன்று. ஆங்கில அலுவலக நடையைப் பின்பற்றியதால் வந்த வழக்கு இது. ஆனால் வழக்கு வசதியாக அமைந்துவிட்டதால் எவரும் அதனை மாற்ற விரும்பவில்லை.

சங்க காலத்தைப் பொற்காலமாகக் காட்டி இக்காலத்தைப் பழிப்பது எளிது. அவ்வலையில் நாம் விழலாகாது. அவ்வஞ்சினங்கள் ஊர்களை எரித்த போர்களுக்காக உரைக்கப்பட்டவை. அன்றியும், நமக்குக் கிடைத்த நெடுஞ்செழியன் வென்றவன். வஞ்சினம் உரைத்துத் தோற்றோர் எத்தனை பேர், அவர்தம் குடிகள் உண்மையில் பழி தூற்ற முடிந்ததா என்பவற்றை ஏடுகள் உரைக்கவில்லை. தனக்குரிய தண்டனையைத் தானே கூறிக்கொள்வது சான்றாண்மை. அதனைத் தவறாது பெறுவித்தற்கு ஓர் ஏற்பாடு வேண்டும். அவ்வேற்பாட்டை நாடிப் புறப்பட்டதே மக்களாட்சி.

அவையில் உரைத்தால்

மேடைப் பேச்சைக் கணக்கில் வைக்க இந்நாட்டில் எவ்வமைப்பும் இல்லை. ஆனால் அமைச்சர் ஒருவர் நாடாளுமன்றத்தில் உரைக்கும் வாக்குறுதியைக் கணக்கில் வைக்க ஓர் அமைப்பு உண்டு என்பதை நம் மாணவருள் பெரும்பாலோர் அறியார். நாமும் அண்மையில்தான் அதனை விரிவாக அறிந்தோம். மக்களவையில் 1953 டிசம்பரில் அரசு உறுதிமொழிக் குழு அமைக்கப்பட்டது. பதினைந்து உறுப்பினர் கொண்ட இக்குழுவை அவைத்தலைவர் நியமிக்கின்றார். அமைச்சர் எவரும் இதில் இடம்பெறல் இயலாது. மாநிலங்களவை இத்தகைய குழுவை 1972-இல் அமைத்தது. தமிழ்நாடு சட்டமன்றத்திலும் இப்பெயரிலேயே ஒரு குழு இயங்கி, மாவட்டங்களுக்கு நேரில் சென்று ஆய்வு செய்து வருகின்றது.

இக்குழுவின் பணி, மொழி பயில்வோர்க்கு மிகுந்த சுவை பயப்பதாகும். அமைச்சரின் விடையுள் எத்தொடர் வாக்குறுதி, எது வெறும் மறுமொழி என்று பிரித்தறிய வேண்டும் அல்லவா? அதன்பொருட்டு முப்பதுக்கு மேற்பட்ட தொடர் வகைகள் கொண்ட பட்டியல் ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. இப்பொருள் கருத்தில் உள்ளது, நான் இதனைக் கவனிப்பேன், விசாரணை நடைபெறுகின்றது, உறுப்பினர்க்குப் பின்னர்த் தெரிவிப்பேன், மாநில அரசுகளுக்கு எழுதுவேன், சுற்றுப்பயணத்தின்போது நேரில் கண்டறிவேன் என்னும் பொருள்படும் தொடர்கள் அதில் உள்ளன. இவற்றுள் ஒன்று அமைச்சர் வாயிலிருந்து வெளிப்பட்டால் அது உறுதிமொழி எனக் குறித்துக்கொள்ளப்படும். மூன்று மாதத்திற்குள் அது நிறைவேற்றப்பட்டு, நிறைவேற்ற அறிக்கை அவையில் வைக்கப்பட வேண்டும். இயலாவிடின் காரணம் கூறிக் கால நீட்டிப்புப் பெறலாம். உறுதிமொழியைக் கைவிட இசைவு வேண்டியும் விண்ணப்பிக்கலாம்.

'கருத்தில் உள்ளது' என்னும் எழுவாயற்ற தொடரையே பிடித்து நிறுத்தி, இதுவும் ஒரு வாக்குத்தான், மூன்று மாதத்தில் விடை கூறுக என்று கேட்கும் இம்முறை நம் உள்ளத்தைக் கவர்ந்தது. செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்த செய்வோனை வெளிக்கொணரும் இலக்கண ஆசிரியர் பணி இது எனலாம். எனினும் இதன் எல்லையையும் கூறவேண்டும். கால நீட்டிப்பு மேல் நீட்டிப்புப் பெற்று ஆண்டுக்கணக்கில் நிற்கும் உறுதிமொழிகள் உண்டு. குழுவின் அறிக்கைகளே அதனை மீண்டும் மீண்டும் சுட்டி வருந்துகின்றன. பட்டியல் மறைபொருளன்று, அவ்விடைகளை வரைவோரும் அதனை அறிவர். குழு கண்டிக்கலாம், தண்டிக்க இயலாது. தேர்தல் மேடையில் உரைத்ததோ இக்குழுவின் எல்லைக்குள் வருவதேயில்லை.

நாற்பத்தைந்து ஆண்டுச் சொல்

சொல்லுக்கும் செயலுக்கும் இடையே உள்ள தொலைவை ஆண்டுகளால் அளந்து காட்ட வேண்டுமாயின் லோக்பால் வரலாற்றினும் சிறந்த சான்று கிடைத்தலரிது. உயர் பதவியில் இருப்போர் மீது எழும் ஊழல் முறையீடுகளைத் தன்னுரிமையோடு விசாரிக்கும் ஓர் அமைப்பு வேண்டும் என்பதே கருத்து. சுவீடன் நாட்டில் 1809-லேயே அரசு அலுவலர்மீது மக்கள் முறையிடுவதற்கென ஓர் அதிகாரி ஏற்படுத்தப்பட்டார். இந்தியாவில் 1963-இல் எல். எம். சிங்வி 'லோக்பால்' என்ற சொல்லை ஆக்கினார். மொரார்ஜி தேசாய் தலைமையில் அமைந்த நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 1966-இல் இவ்வமைப்பை ஏற்படுத்துமாறு பரிந்துரைத்தது. 1968-இல் முதல் மசோதா மக்களவையில் அறிமுகமாகி 1969-இல் நிறைவேறியது. மாநிலங்களவை அதனை முடிக்குமுன் 1970 இறுதியில் மக்களவை கலைக்கப்பட்டமையால் அது காலாவதியாயிற்று.

அதன்பின் 1971, 1977, 1985, 1989, 1996, 1998, 2001 ஆகிய ஆண்டுகளிலும் மசோதாக்கள் கொண்டுவரப்பட்டன. 1985-இன் மசோதாவை அரசே திரும்பப் பெற்றது. ஏனையவை அவை கலைந்தபோது உடன் மறைந்தன. இவற்றுள் 1977-ஆம் ஆண்டு மசோதா நம்மைச் சிறிது நிறுத்துகின்றது. அப்பொழுது தலைமை அமைச்சராக இருந்தவர், பதினோராண்டுகளுக்கு முன் ஆணையத்தின் தலைவராக இருந்து அதனைப் பரிந்துரைத்த மொரார்ஜி தேசாய் அவர்களே. பரிந்துரைத்தவர் கையில் அதிகாரம் வந்த பின்பும் அச்சட்டம் பிறக்கவில்லை. அவரது நேர்மையில் ஐயம் கொள்வதற்கு இதனைக் கூறவில்லை. ஒருவர் நல்லவராக இருப்பது மட்டுமே இத்தொலைவைக் கடக்கப் போதாது என்பதற்காகக் கூறுகின்றோம். காங்கிரஸ், ஜனதா, தேசிய முன்னணி, ஐக்கிய முன்னணி, தேசிய ஜனநாயகக் கூட்டணி என எல்லா வண்ணத்து அரசுகளும் இம்மசோதாவைக் கொண்டுவந்தன என்பதையும், இக்கருத்தை வெளிப்பட எதிர்த்து வாக்குக் கேட்ட பெருங்கட்சி எதுவும் இல்லை என்பதையும் சேர்த்து நோக்குக. எல்லாரும் வேண்டும் என்றனர், எவரும் முடிக்கவில்லை.

2011 ஏப்ரலில் அண்ணா ஹசாரே தில்லி ஜந்தர் மந்தரில் உண்ணாநோன்பு மேற்கொண்டார்; ஆகஸ்டு மாதத்தில் ராம்லீலா திடலில் அது பேரெழுச்சியாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 27 அன்று மக்களவை மசோதாவை நிறைவேற்றியது. டிசம்பர் 29 அன்று மாநிலங்களவை நள்ளிரவு வரை விவாதித்து, வாக்கெடுப்பு நடத்தாமலே ஒத்திவைக்கப்பட்டது. 2013 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில்தான் இரு அவைகளும் முடித்தன. சட்டம் 2014 சனவரி 16 முதல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் வந்தது, லோக்பால் வரவில்லை. தேர்வுக் குழுவில் மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் ஓர் உறுப்பினர் என்பது விதி. 2014 தேர்தலில் பெரிய எதிர்க்கட்சி பெற்ற இடங்கள் 44. அவையின் பத்தில் ஒரு பங்கு இல்லை என்பதால் எதிர்க்கட்சித் தலைவர் என்ற ஏற்பு அளிக்கப்படவில்லை. அவர் இல்லாமல் குழு கூடுவது எங்ஙனம் என்ற வினா ஐந்தாண்டைத் தின்றது. திருத்தம் செய்யாமலே சட்டத்தைச் செயற்படுத்த இயலும் என்று உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரலில் கூறிற்று. அதன் பின்னரும் ஏறத்தாழ இரண்டாண்டு கழித்து, 2019 மார்ச்சில், பொதுத்தேர்தல் வாசலுக்கு வந்தபோதுதான் முதல் தலைவரும் உறுப்பினரும் பதவியேற்றனர். அவர் 2022 மே மாதத்தில் ஓய்வு பெற்றபின் அடுத்த முழுநேரத் தலைவர் பொறுப்பேற்றது 2024 மார்ச்சில். தகாதவனை அவையத்தில் அமர்த்துவதைச் சாபமாகக் கருதிய பூதப்பாண்டியன், அவையத்தையே ஐந்தாண்டு வெறுமையாக விட்டு வைக்கலாம் என்பதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டான்.

தமிழ்நாட்டின் கதையும் இதனின் பெரிதும் வேறுபட்டதன்று. பொதுவாழ்வில் இருப்போரின் குற்ற ஒழுகலாறு குறித்த ஒரு சட்டம் இங்கு 1973-இல் இயற்றப்பட்டு, 1974-இல் நடைமுறைக்கு வந்து, 1977-இல் நீக்கவும் பட்டது. ஒவ்வொரு மாநிலமும் ஓராண்டிற்குள் லோக் ஆயுக்தாவை ஏற்படுத்த வேண்டும் என்பது மத்தியச் சட்டத்தின் ஆணை. மகாராட்டிரம் 1971-லேயே தனக்கெனச் சட்டம் செய்துகொண்டிருந்தது. தமிழ்நாடு 2018 சூலையில் சட்டம் இயற்றி, 2019-இல் அமைப்பை நிறுவியது. இதற்கு நேர்மாறாக, தகவல் அறியும் உரிமைக்கென 1997-இல் நாட்டிலேயே முதன்முதலாகச் சட்டம் செய்த மாநிலமும் இதுவே என்பதை மறைத்தல் நேர்மையாகாது. அச்சட்டத்தில் விலக்குகள் மிகுதி என்பது வேறு.

கொடுப்பதும் கட்டுப்படுவதும்

'அவர்கள் சொன்னது எதையும் செய்வதில்லை' என்ற பொதுப்பேச்சு உண்மையன்று. 2006 தேர்தலில் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி தருவதாகக் கூறினர், தந்தனர். 2011 தேர்தலில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி தருவதாகக் கூறினர்; அவையும் இல்லங்களுக்கு வந்து சேர்ந்தன. இவ்வாக்குறுதிகள் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 சூலை 5 அன்று, தேர்தல் அறிக்கை வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகா என்று கூறி, வழிகாட்டு நெறிகளை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. அதன்படி, வாக்குறுதியின் காரணத்தையும் அதற்குரிய நிதி வழியையும் அறிக்கையில் பொதுப்படவேனும் குறிப்பிட வேண்டும் என்ற நெறி 2014-இல் நடத்தை விதிகளில் சேர்ந்தது. நிறைவேற்றாதவர்க்கு என்ன என்பது அங்கும் இல்லை.

இப்பொருள்கள் வந்து சேர்ந்தமைக்கும் லோக்பால் வராது நின்றமைக்கும் காரணம் யாது? தொலைக்காட்சிப் பெட்டி வரவில்லையென்றால் வீட்டுக்காரர்க்கு மறுநாளே தெரியும், பெறுவோரே கணக்கர். லோக்பால் வரவில்லையென்றால் எவர் வீட்டிலும் எதுவும் குறைவதாகத் தெரிவதில்லை. அஃதன்றியும், பிறர்க்குக் கொடுப்பதாகச் சொன்ன சொல் ஒருவகை. தம்மையே கட்டுப்படுத்திக்கொள்வதாகச் சொன்ன சொல் மற்றொருவகை. முன்னது ஆட்சியாளர்க்குப் புகழ் சேர்க்கின்றது, பின்னது அவர்தம் கையைக் கட்டுகின்றது. 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை இயற்றிய அதே கட்சிகள், தாமும் அச்சட்டத்திற்கு உட்பட்டவை என்று மத்தியத் தகவல் ஆணையம் ஆறு தேசியக் கட்சிகளைக் குறித்து 2013 சூன் 3 அன்று ஆணையிட்டபோது, கொள்கைகளில் தமக்குள் இருந்த வேற்றுமையெல்லாம் மறந்து அதற்கு இணங்காது நின்றன. நெடுஞ்செழியன் பணயம் வைத்தது தன்னை. நம் காலத்து வாக்குறுதிகள் பணயம் வைப்பது பெரும்பாலும் கருவூலத்தை.

நம் ஏட்டில் உள்ளது

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு மாணவியின் கேள்வி. முதுகலை வகுப்பில் வஞ்சினக் காஞ்சி நடத்திக்கொண்டிருந்தபோது, 'நம் துறை விழாவில் நூலகக் கட்டடம் தருவதாகச் சொன்னாரே, ஐயா, அது எந்தத் திணை?' என்று அவர் கேட்டார். வகுப்பு நகைத்தது; நாமும் நகைத்தோம். பிறகு நகைக்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தமிழ்த்துறை விழாவிற்குச் சிறப்பு விருந்தினராக வந்த மக்கள் பிரதிநிதி ஒருவர் (பெயர் ஈண்டு வேண்டா) தாழ்வாரத்தில் நூல் அலமாரிகள் நிற்பதைக் கண்டு மனம் இரங்கி, அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் தம் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து துறைக்குத் தனி நூலகக் கட்டடம் கட்டித் தருவதாக மேடையிலேயே அறிவித்தார். அரங்கம் அதிரக் கைதட்டினோம். பொன்னாடை போர்த்தினோம். மறு ஆண்டு மலரில் அவர் படத்தை முழுப்பக்கம் வெளியிட்டோம். அலமாரிகள் இன்றும் தாழ்வாரத்திலேயே நிற்கின்றன. மழைக்காலத்தில் அவற்றின் மீது தார்ப்பாய் போர்த்துவது கடைநிலைப் பணியாளரின் ஆண்டுக் கடமையாகிவிட்டது. அவ்வாறு நனைந்து ஒட்டிக்கொண்ட பழைய பதிப்புகள் சில மறுபடி கிடைக்கக்கூடியவை அல்ல.

மாணவியின் கேள்விக்குப்பின் விழா நிகழ்ச்சிக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தோம். அன்றைய பக்கத்தில் நம் துறையினர் கையெழுத்தில் இருந்த தொடர் இது: 'நூலக மேம்பாட்டிற்கு ஆவன செய்வதாகச் சிறப்பு விருந்தினர் உரைத்தார்கள்.' அவர் கட்டடம் என்றார். நாம் மேம்பாடு என்றோம். அவர் அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் என்றார். நாம் காலத்தையே விட்டுவிட்டோம். அவர் தருவேன் என்றார். ஆவன செய்வதாக என்று எழுதியவர்கள் நாம். மரியாதை கருதியோ பழக்கத்தாலோ, அவர் உரைத்த சொல்லினும் தளர்ந்த சொல்லை நாமே அவருக்கு வழங்கியிருந்தோம். இவ்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் சென்று எதனைக் கேட்பது? அந்நாளில் அவையில் இருந்த பெரியவர் ஒருவரிடம் இதனைச் சொன்னபோது, 'தம்பி, கைதட்டியது நாம்தானே, எழுதிக் கேட்டோமா?' என்றார். எழுதிக் கேட்கவில்லை. ஒரு கடிதம்கூட அனுப்பவில்லை. துறையில் எழுதத் தெரிந்தோர் அன்று பதினால்வர் இருந்தோம்.

இவ்வாண்டு விழாவில் ஒரு சிறு மாற்றம் செய்தோம். குறிப்பேடு எழுதும் பொறுப்பை அந்த மாணவியிடமே அளித்தோம். விருந்தினர் உரைப்பதை அவர்தம் சொல்லாலேயே எழுதுவது, நன்றியுரைக்கு முன் அதனை அவையில் படித்துக் காட்டுவது, கீழே விருந்தினரின் ஒப்பம் பெறுவது என்று முடிவாயிற்று. முதல்வர் சற்றுத் தயங்கினார்; வந்தவர் மனம் நோகுமோ என்ற அச்சம் நமக்கும் இருந்தது. வந்திருந்த விருந்தினர் துறைக்கு இரும்பு அலமாரிகள் பத்து இவ்வாண்டுக்குள் வாங்கித் தருவதாகக் கூறினார். மாணவி அதனை அவ்வாறே எழுதிப் படித்து, ஏட்டை அவரிடம் நீட்டினார். அவர் இருமுறை படித்தார். பேனாவைக் கையில் வாங்கியவர், 'இவ்வாண்டுக்குள் என்பதை மட்டும் விரைவில் என்று மாற்றி விடலாமா, அம்மா?' என்று கனிவோடு கேட்டார். மாணவி அவர் கூறியவாறே மேலே 'விரைவில்' என்று எழுதினார். 'இவ்வாண்டுக்குள்' என்பதன் மீது, கீழே உள்ள எழுத்துத் தெரியும்படி, ஒரே ஒரு கோடு இழுத்தார். அவர் ஒப்பமிட்டார்.